செவ்வாய்க்கிழமை எல்லை தாண்டிய தெக்லா

மெந்துபு,
நவம்பர் 14.

அன்பு மகள் பஸ்கலியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், நீயும் அங்கே குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன். அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, மிளகு இந்த வருஷம் பாதிதான், மழையில் கொடி அழுகிவிட்டது. கறுப்புப் பன்றி ஏழு குட்டி போட்டது, அதில் ஐந்து தங்கின. இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருக்கலாம். இனி எழுதப் போவதைப் போனில் சொல்ல முடியாது, நீ பேசும்போது முதலாளியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால்தான் இதைத் தபாலிலும் போடாமல், முன்னைப் போல் மார்சே சித்தி வழியாகவும் அனுப்பாமல், நம் பங்குக் கோயில் சிஸ்டரிடம் கொடுக்கிறேன். உட்கார்ந்து, யாரும் இல்லாத நேரத்தில் படி. படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பிரம்புப் பாய் நாலைக் கட்டிக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சந்தைக்குக் கிளம்பினேன். எல்லைச் சாவடியில் எப்போதும் இருக்கும் அதிகாரி பாக் தமோவின் மேசையில் கூட்டம், உனக்கு நினைவிருக்கும், நம்மிடம் டுரியான் வாங்கித் தின்றுவிட்டு விதையை எண்ணிக் காட்டுவாரே அவர்தான். பக்கத்து மேசையில் புதிதாக வந்த ஒரு பையன் அதிகாரி உட்கார்ந்திருந்தான், எல்லை தாண்டத் தருகிற என் சிவப்புப் புத்தகத்தை அவனிடம் நீட்டினேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் போட்டான். "அம்மா, நீங்க போன செவ்வாய்க்கிழமையே அந்தப் பக்கம் போயிட்டீங்க. இன்னும் திரும்பி வரல," என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ இங்க பாயோட நிக்கிறது யாரு தம்பி?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. "அதத்தான் நானும் கேக்கறேன்," என்று சொல்லி எழுந்து உள் அறைக்குக் கூட்டிப் போனான்.

அங்கே திரையைத் திருப்பிக் காட்டினான். என் பெயர், என் புத்தக எண், நான் பிறந்த நாள். கைரேகை மெஷின் அன்றைக்கு வேலை செய்யவில்லை என்று குறிப்பு. சாவடிக் கேமரா எடுத்த படத்தில் ஒரு பெண், தலையில் துணி, வாயில் முகமூடி, கண் மட்டும் தெரிகிறது. அவள் பக்கத்தில் ஒரு சின்னப் பெண். கீழே "உடன் வருபவர்: மகள், பஸ்கலியா, வயது இருபது" என்று போட்டிருந்தது. நாலு வருஷமாகத் தைவானில் இருக்கும் என் மகள் செவ்வாய்க்கிழமை என்னோடு கைகோர்த்து எல்லை தாண்டியிருக்கிறாள். அந்தப் பெண்ணை எனக்கு அடையாளம் தெரிந்தது. நம் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற ஒடிலியாவின் மகள் எமி. பதினைந்து வயது. பொந்தியானாக் பட்டணத்தில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைப்பதாகச் சொல்லி மார்சே சித்திதான் திங்கட்கிழமை கூட்டிப் போயிருந்தாள். முகமூடிக்கு மேலே இருந்த அந்தக் கண்ணையும் எனக்குத் தெரிந்தது, கண்ணாடியில் தினமும் பார்க்கிற கண்தான், எனக்கும் என் தங்கைக்கும் ஒரே கண்.

"இவங்க யாருன்னு தெரியுதா அம்மா?" என்று அந்தப் பையன் கேட்டான். தெரியாது என்றேன்.

இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். தெரியாது என்றேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் என் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போய் யோசிச்சுப் பாருங்க. ஞாபகம் வந்தா எங்கிட்டயே வந்து சொல்லுங்க, வேற யாருகிட்டயும் வேணாம்," என்று அனுப்பினான். அந்தக் கடைசி வார்த்தையை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. நாலு நாள் சும்மா இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒடிலியா என் பக்கத்தில் உட்கார்ந்து, "எமி போய்ச் சேந்து ஒரு போன்கூடப் பண்ணல அக்கா, ஊரப் பாத்ததும் அம்மாவ மறந்துட்டா," என்று பெருமையாகக் குறைப்பட்டாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை பொறுக்க முடியாமல் சாவடிக்குப் போனேன். அந்தப் பையன் இல்லை. "அவன மாத்திட்டாங்க, கிழக்க எங்கயோ தீவுக்கு," என்றார் பாக் தமோ. "என்ன விஷயம், எங்கிட்ட சொல்லுங்களேன், எத்தன வருஷப் பழக்கம்," என்று நாற்காலி போட்டு, இனிப்பாக டீ வரவழைத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். என் தங்கை என்றும் சொன்னேன், எமியின் பெயரையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், ஒரு எழுத்துகூட எழுதிக்கொள்ளவில்லை. "குடும்ப விஷயம். வெளிய பேசாதீங்க. நான் பாத்துக்கறேன்," என்றார். மனசு இலேசாகித் திரும்பி வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே மார்சே வந்தாள். நான் பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன், எதிரே குந்தி உட்கார்ந்து அவளும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு செதிள் சுரண்ட ஆரம்பித்தாள். நாலு மீன் முடித்தாள். பிறகு, "சாவடியில டீ நல்லா இருந்துச்சா அக்கா? அவரு சக்கர அதிகமாப் போடுவாரு," என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எமி எங்கே என்று கேட்டேன். "வேல பாக்கப் போயிருக்கா. உன் மக போகலயா? அன்னைக்கு நீ அழுதுகிட்டே கையெழுத்துப் போட்ட, இன்னைக்கு கூரை மாத்தியிருக்க. பேர எடுத்துக்கிட்டா என்ன, உன் பேரு தேஞ்சா போச்சு?" என்றாள். எமி சின்னப் பிள்ளை, அவள் அம்மாவுக்குத் தெரியாதே என்றேன். மீனை அலசி என் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள். "பஸ்கா வேல பாக்கற வீட்டு கேட் என்ன நிறம்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். பச்ச," என்றாள். அவ்வளவுதான், குரலை உயர்த்தக்கூட இல்லை. போகும்போது அப்பாவுக்கு முழங்காலுக்குத் தைலம் வைத்துவிட்டுப் போனாள்.

அப்பா உள்ளே படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உனக்கு அவரைத் தெரியும், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். விடிந்ததும் அந்தத் தைலத்தைப் பன்றிக்கூட்டுப் பக்கம் வீசிவிட்டு, "ஒடிலியாகிட்ட போய்ச் சொல்லு. காட்டு வழிய நான் காட்டறேன்," என்றார். ஒடிலியா அப்போது அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அஞ்சு நாளா உனக்குத் தெரியுமா?" ஆமாம் என்றேன். ஊதுகுழலை என் மேல் வீசினாள், நெற்றியில் பட்டது. பிறகு அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு ரப்பர் செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.

சாவடி வழியாகப் போக முடியாது இல்லையா. மிளகுத் தோட்டத்துக்கு மேலே எல்லைக் கல்லைத் தாண்டி, வீங்கின காலோடு அப்பா முன்னால் நடக்க, அட்டை கடிக்கக் கடிக்க இரண்டு மணி நேரம் போனோம். சாலை தெரிந்ததும் அப்பா திரும்பிவிட்டார். அந்த நாட்டுச் சாவடியில் நாங்களே போய் நின்றோம். ஒரு பெண் அதிகாரி, தடித்த உடம்பு, நம் பாட்டி பேசுகிற மாதிரி இழுத்துப் பேசினாள். எப்படி வந்தீர்கள் என்று கேட்டாள், நடந்து வந்தோம், களவாக வந்தோம் என்று சொன்னேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை ஒரு தெக்லா வந்திருக்கா, முத்திரையோட. இன்னைக்கு ஒரு தெக்லா வந்திருக்கா, முத்திரை இல்லாம. நான் எந்தத் தெக்லாவ நம்பறது?" என்றாள். ரேகை மெஷினில் என் விரலை வைத்து அழுத்தினாள், பத்து விரலையும் வைத்தாள், ஒன்றும் விழவில்லை. "என்னம்மா இது, விரல்ல ரேகையே இல்லயே." "பிரம்பு தின்னுடுச்சு," என்றேன். முப்பது வருஷம் பாய் முடைந்த கை, நான்தான் நான் என்று சொல்ல எனக்கு ஒரு விரல்கூடத் துணைக்கு வரவில்லை. அப்போது ஒடிலியா தன் போனை எடுத்து மேசையில் வைத்தாள். எமி கோயிலில் முதல் தடவை நன்மை வாங்கின அன்று எடுத்த படம். "இவ பேரு எமி. உங்க மெஷின்ல வேற பேரு இருக்கும். முகம் இதுதான். எங்கள அடைச்சு வைங்க, அவளத் தேடுங்க," என்றாள்.

அந்த அதிகாரி இரண்டையும் செய்தாள். எங்களை அடைத்தார்கள், எமியைத் தேடினார்கள். அறையில் இருபத்திரண்டு பெண்கள், பகலெல்லாம் தகரக் கூரை காய்ந்தது. ஒடிலியா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் தூங்கும்போது என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். எட்டாவது நாள் மதியம் எங்களைக் கூப்பிட்டார்கள். கடலோர ஊர் ஒன்றில் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் நாலு பெண்களோடு எமியைக் கண்டுபிடித்திருந்தார்கள், அடுத்த நாள் கப்பல் ஏற இருந்தவர்கள். முடியைக் கத்தரித்திருந்தார்கள், உதட்டில் சாயம். ஒடிலியா "எமி" என்று கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. அதிகாரி உன் பெயர் என்ன என்று கேட்டாள். "என் பேரு பஸ்கலியா. வயசு இருபது. அம்மா பேரு தெக்லா. எங்கம்மா பாய் முடைவாங்க," என்று சொன்னாள், பெற்ற தாயை நேரே பார்த்துக்கொண்டு சொன்னாள். மாற்றிச் சொன்னால் அம்மாவை ஜெயிலில் போடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள், அம்மாவோ அங்கே கைதி உடையில் நிற்கிறாள், பிள்ளை வேறு என்ன செய்யும். ஒடிலியா போய்க் கட்டிக்கொண்ட பிறகும் இரண்டு மூன்று தடவை அதையே சொன்னாள், பிறகுதான் அழுகை வந்தது.

மகளே, அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. எமியை உன் பெயரில் கொண்டுபோக உன் பிறப்புச் சான்றிதழும் சிவப்புப் புத்தகமும் மார்சேயிடம் எப்படி இருந்தன? உன்னை அனுப்பும்போது உனக்குப் பதினாறு. "வயசக் கூட்டிப் போடுவாங்க, எல்லாரும் செய்யறதுதான்," என்று சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கினாள். வயதை மட்டும்தான் மாற்றினார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் பாஸ்போர்ட்டை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. உன் பெயர் உன்னோடு போயிருந்தால் அது எமிக்குக் கிடைத்திருக்காது. போனில் அந்த முதலாளியம்மா உன்னை லினா, லினா என்று கூப்பிடுவது எனக்குக் கேட்கும். செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள், பிள்ளையைப் பிரியமாக வைத்திருக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

எங்களை லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். நம் பக்கத்துச் சாவடி மேசையில் பாக் தமோதான் இருந்தார். காகிதத்தில் முத்திரை குத்தி, "வந்துட்டீங்களா, நல்லது. உடம்பு இளைச்சுட்டீங்க," என்றார். பிறகு எமியின் காகிதத்தைப் புரட்டிக்கொண்டே, "பஸ்கலியா மட்டும் அந்தப் பக்கம் போனவ இன்னும் வரலன்னு கணக்கு நிக்குதே. அவ வந்தா எங்கிட்டயே வரச் சொல்லுங்க, சரி பண்ணிடலாம்," என்றார். மார்சேயின் வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆனால் யாரோ வாசலைப் பெருக்கி வைக்கிறார்கள். எமி பள்ளிக்கூடம் போகவில்லை. கோயிலில் யாராவது உன் பெயரைச் சொன்னால் அவள் தலை திரும்புகிறது.

அதனால் கிறிஸ்துமசுக்கு வராதே. யார் டிக்கெட் அனுப்பினாலும் வராதே, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்னாலும் வராதே, நானே அழுது கூப்பிட்டாலும் சிஸ்டர் வழியாகச் செய்தி வந்தால் ஒழியக் கிளம்பாதே. நம் பங்குச் சிஸ்டரிடமிருந்து வாங்கி இந்தக் கடிதத்தை உனக்குக் கொண்டுவருகிற சிஸ்டர் அங்கே வேலைக்கு வந்த பெண்களுக்காகவே இருக்கிறவர், அவரிடம் எல்லாவற்றையும் சொல், அவர் சொல்கிறபடி செய். முதலாளியம்மாவிடம் நீயாகப் போய்ப் பாஸ்போர்ட்டைக் கேட்காதே. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, கேட்டுக்கு வெளியே புது ஆள் நின்றால் ஜன்னல் பக்கம் வராதே.

ஒரு கடிதம் கொண்டுசேர்க்க முடியுமா என்று நம் பங்குச் சிஸ்டரிடம் கேட்டபோது, அங்கே என்ன பெயர் சொல்லி விசாரிக்கச் சொல்லட்டும் அம்மா என்று கேட்டார். பெற்றவளுக்குப் பதில் தெரியவில்லை. உன் படத்தைக் கொடுத்து, பெயர் கேட்க வேண்டாம், முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன்.

ஆண்டவர் உன்னைத் தம் கண்மணி போல் காக்கட்டும், மாதா உன் தலைமாட்டில் இருக்கட்டும். அப்பா உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் தரச் சொன்னார். பதில் எழுதும்போது மறக்காமல் ஒன்று செய். சிஸ்டர் உதவியோடு உன் பாஸ்போர்ட்டைப் பார்க்க முடிந்ததும் அதில் இருக்கிற பெயரையும், ஊரையும், அம்மா பெயர் என்று போட்டிருப்பதையும் ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்பு. லினா என்று ஒரு பெண் எங்கேயோ இருக்கிறாள், இல்லை இருந்தாள். அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள். ஒடிலியாவும் நானும் அவளைத் தேடிப் போகப் போகிறோம்.

உன்னைப் பெற்ற,
தெக்லா