வலது பக்கம் முடிந்தது, இடது பக்கம் ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். ஆளுக்குப் பத்து விரல்களும் பத்திரமாக இருக்கின்றன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் தேடுவாய். அங்கே நீயும் மருமகளும் நலமா, பேத்திக்குப் பல் முளைக்கும் காய்ச்சல் விட்டதா? அவள் படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அப்பா பால் எடுக்கப் போகும்போதெல்லாம் படத்தோடு பேசிவிட்டுப் பாலை மறந்து திரும்பி வருகிறார்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று முறை வேண்டாம் என்கிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. நீ ஏற்பாடு செய்த ஆள் முந்தாநாள் வந்தார், வண்டியை எடுத்துக்கொள்வதாக உன்னிடம் பேசி முடித்துவிட்டாராம். நாற்காலி ஏற்றும் என் வேனை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். முன்பக்கம் தாழ்ந்துவிட்டது, பள்ளத்தில் இறங்கினால் இடிக்கிறது என்று நான் உன்னிடம் சொன்னது மனக்குறையை ஆற்றிக்கொள்ளத்தான், விற்றுக்கொடு என்பதற்கு அல்ல. "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம், வித்துட்டு நிம்மதியா இரு" என்றாய். வண்டி போனால் வாடகை நாற்காலிகளைப் பள்ளிக்கூடங்களுக்கும் கூட்டங்களுக்கும் யார் ஏற்றிப் போவது? முந்நூறு மடக்கு நாற்காலிகளை அடுக்கி வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் நிம்மதியா? அந்த ஆள் வந்த நேரம் வண்டி முன்சக்கரம் இல்லாமல் நின்றது, நான் சக்கரம் இருந்த இடத்தில் குனிந்திருந்தேன். "அக்கா, வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா" என்றார். "இருக்காரு, உள்ள வெங்காயம் உரிச்சிட்டிருக்காரு, கூப்பிடவா" என்றேன். கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

மெக்கானிக்கிடம் விடு என்கிறாய். போன வருடம் விட்டேனே. புது ஸ்பிரிங் என்று சொல்லிப் பழையதற்கே கறுப்புப் பெயின்ட் அடித்து மாட்டி அனுப்பினார். மழைக்குப் பெயின்ட் உரிந்து துரு தெரிந்தது, போய்க் கேட்டால் "எல்லா ஸ்பிரிங்கும் அப்படித்தாம்மா இருக்கும்" என்கிறார். இனி நானே மாற்றிக்கொள்வது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எனக்கு யாரும் எதையும் கற்றுத் தந்ததில்லை, வண்டியோடு வந்த புத்தகத்தை வரி வரியாகப் படித்துத்தான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று எனக்கும் தெரியும். முன்சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரைச் சுற்றி நிற்கும் அந்த ஸ்பிரிங் சாதுவாகத்தான் தெரியும், ஆனால் உள்ளே இறுகிக்கிடக்கிறது. உச்சியில் நடுவில் இருக்கும் ஒற்றை நட்டை அவசரப்பட்டுக் கழற்றினால் ஆளை அடித்துப் போட்டுவிடும். அதனால் அதை நான் தொடவே இல்லை. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன், ஜாக்கியை மட்டும் நம்பாமல் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு வைத்தேன், நடு நட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருக்கும் மூன்று சின்ன நட்டுகளையும் கீழ் போல்ட்டையும் கழற்றி ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து அப்படியே வெளியே எடுத்தேன். எது எங்கே உட்கார்ந்திருந்தது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டேன். பிறகு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இரண்டையும் எதிரெதிரே மாட்டினேன்.

இங்கேதான் ஒரு தப்பு செய்தேன், உன்னிடம் மறைக்கமாட்டேன். ஒரு கிளாம்பைக் கடைசிவரை முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று நினைத்தேன். ஸ்பிரிங் வில்லாக வளைந்தது, கிளாம்பின் கொக்கி ஒரு விரற்கடை வழுக்கி டக்கென்று நின்றது. ஸ்பேனரை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் விலகினேன். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போதும், அவன் சொல்றதைத்தான் கேளேன்" என்றார். ஸ்பிரிங் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவரையும் கையோடு வெளியே இழுத்து வந்து, தள்ளிச் சுவரோரம் நிறுத்தி, சுற்றுகளை எண்ணச் சொன்னேன். முடுக்கியதைக் கால் கால் சுற்றாகத் தளர்த்தி, கொக்கிகளைத் திரும்பச் சரியாகப் பிடிக்க வைத்து, மறுபடி தொடங்கினேன். "இங்க ரெண்டு, அங்க ரெண்டு" என்று அப்பா சத்தமாக எண்ணினார், நடுவில் "மூச்சு விடலாமா" என்று கேட்டார். "விடுங்க, எண்ணிக்கையை விட்டுடாதீங்க" என்றேன். ஸ்பிரிங் இரண்டு முனையிலும் விலகி, கையால் தொட்டாலே லொடலொடவென்று ஆடிய பிறகுதான் உச்சி நட்டில் ஸ்பேனரை வைத்தேன், அப்போதும் முகத்தை அதற்கு நேரே கொண்டுபோகவில்லை. நட்டு சத்தமே இல்லாமல் கையோடு வந்தது. கடையில் நானே பார்த்து வாங்கி வந்த புது ஸ்பிரிங்கையும் அதே இரண்டு இரண்டு சுற்றில் அமுக்கி மாட்டிவிட்டேன். அப்பா இப்போது பார்ப்பவர்களிடமெல்லாம் நாங்கள் ஸ்பிரிங் மாற்றினோம் என்கிறார்.

ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி ஓட்டக்கூடாது, அதனால் வண்டி இன்னும் ஸ்டாண்டு மேல்தான் நிற்கிறது. இடது பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலை. நீ லீவில் வந்து ஒரு கை பிடிப்பாய் என்று ஒரு வருடம் பார்த்தேன், வராததற்குக் குறை சொல்லவில்லை, இல்லை, சொல்கிறேன்தான். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர எட்டு நாளாவது ஆகும். அதற்குள் இடது பக்கமும் முடிந்து நான் நாற்காலி ஏற்றிப் போய்க்கொண்டிருப்பேன், அந்த நாள்கணக்கைப் பார்த்துத்தான் தபாலில் சேர்க்கிறேன். ஆகவே தடுப்பதற்குப் போன் செய்யாதே, வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்பதற்குச் செய்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு நன்றாக இருக்க வேண்டும். பேத்திக்கு என் முத்தம். மறக்காமல் ஒன்று செய், அந்த ஆளிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று நீயே உன் வாயால் சொல்லிவிடு. நீ அனுப்பிய ஆள், நீதான் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வண்டியின் சொந்தக்காரி,
உன் அம்மா