அடைக்க விடாத பொட்டு

இஞ்சாருங்கோ,

இந்தச் சித்திரை வெயிலுக்குள்ளும் வேலி அடைத்து முடிந்தது. அக்கா வீட்டுக்கு நுழைந்து போய்வர வேலியில் இருக்கிற இடைவெளியை, அந்தப் பொட்டை மட்டும் அடைக்க நான் விடவில்லை. "ஐயா அடைக்கச் சொன்னவர்" என்று வேலையாட்கள் உங்களைச் சொல்லித் தயங்கினார்கள். "காணி என்ரை சீதனம். நான் சொல்லுறன், விடுங்கோ" என்றேன்.

மாங்கொப்பு வேலிக்கு மேலால் வந்ததற்கு அத்தானோடு சண்டை பிடித்தது நீங்கள். அதற்கு நானும் அக்காவும் ஏன் தெருவால் சுற்றிப் போக வேண்டும்?

மிச்ச ஓலை மாட்டுக் கொட்டிலில் கிடக்கிறது. அதை எடுத்து நீங்களே அடைத்தால், நாளைக்கே பிரித்துவிடுவேன்.

இன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. அக்கா வீட்டில் ஒடியல் கூழ். நான் அங்கேதான்.

தையல்முத்து

மறந்துவிட்டேன்: கூழ் குடிக்க உங்களுக்கும் ஓலையை மடித்து ஒரு பிளா கோலி வைத்திருப்பது அத்தான்தான். தெருவால் வந்தால் அக்கா படலை திறக்க மாட்டா. பொட்டாலே குனிந்து வாருங்கள்.