நாலு சில்லுக்கும் தேசிக்காய்

அண்ணை,

இன்று லைப்சிக் ட்ராமில் பக்கத்தில் நின்ற ஒரு தொழிலாளியின் உடுப்பில் கியர் ஒயில் மணத்தது. உங்கள் நினைப்பில் இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன். நாளைக்குப் பழைய வாகனச் சங்கத்தின் ஊர்வலம். சங்கத் தலைவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எத்தனை சனிக்கிழமைகள் அந்தச் சங்கத்தின் கொட்டகையில் ஒரு லொறியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டு அதன் அடியில் கிடந்தோம். இரண்டாம் உலக யுத்த காலத்து ஜெர்மன் இராணுவ லொறி. முன் சில்லும் பின் சில்லும் சேர்ந்து இழுக்கிற ஆரம்பகால வண்டி. ஊரில் ஆமி ட்ரக் வரும் சத்தத்துக்கு வேலி பாய்ந்த மனுசனுக்கு இதில் என்ன ஆசை என்று கேட்டேன்.

"பயந்து ஓடினது காணும் தம்பி. அது ஏன் அப்பிடிக் கத்துதெண்டு ஒருக்காப் பாப்பம்" என்றீர்கள்.

சேற்றில் முன் அச்சை இணைக்கவேண்டும், தார் றோட்டில் ஏறியதும் கழற்றவேண்டும். மறந்தால் எனக்கு நல்ல பேச்சு விழும். முதல் ஓட்டத்துக்கு நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்தீர்கள். முன்னுக்கு இரண்டு வைத்தால் போதாதா என்றேன். நாலும் இழுக்கிறதல்லோ, இரண்டுக்கு மட்டும் வைத்தால் மற்றது கோவிக்கும் என்றீர்கள். நசிந்த தேசிக்காயைத் தலைவர் எடுத்து எலுமிச்சை வாசனையை மணந்து பார்த்தார்.

பிறகுதான் அந்த லொறிகள் செய்யப்பட்ட விதத்தை வாசித்தீர்கள். வேறு நாடுகளிலிருந்து பிடித்துவந்த சனத்தைப் பட்டினி போட்டு வேலை வாங்கியிருக்கிறார்கள். அன்று நீங்கள் சாப்பிடவில்லை. லொறிக்கு முன்னால் வைக்கும் அறிவிப்புப் பலகையில் அதை ஒரு வரியாவது எழுதும்படி தலைவரிடம் சொன்னீர்கள். சனம் எஞ்சின் பார்க்கத்தான் வருகிறது என்று தலைவர் தட்டிக்கழித்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் உங்களுக்கு அதே பேச்சுத்தான்.

"லொறியைப் பூட்டிச் செய்த சனத்துக்கு ஒரு வரி இல்லையெண்டால், நாங்கள் திருப்பிப் பூட்டினதும் பிழைதானே."

நீங்கள் கண்மூடிய பிறகு அந்தக் கியரோடு மல்லுக்கட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். போன கிழமை, ஊர்வலத்தில் நீயே ஓட்டு, அது அவருக்கும் மரியாதை என்று தலைவர் சொன்னார். புதுப் பலகையைப் பார்த்தேன். குதிரைவலு இருந்தது, எடை இருந்தது, அந்த வரி இல்லை. அது வராமல் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஓட்ட எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. இந்த வருடம் இப்படியே போகட்டும், அடுத்த வருடம் பார்ப்போம் என்றார் தலைவர். முடியாது என்றேன். அப்படியென்றால் லொறியை இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம் என்று வைத்துவிட்டார்.

போகட்டும். நானும் தெருவோரம் நிற்பேன். மேசையில் ஒரு பெரிய கார்ட்போர்ட் மட்டை வெட்டி வைத்திருக்கிறேன். அந்தச் சனத்துக்காக நீங்கள் கேட்ட வரியை அதில் ஜெர்மனில் எழுதப்போகிறேன், அண்ணை. ஊர்வலம் முடியும்வரை இறக்காமல் பிடித்திருப்பேன்.