கிணற்றுத் தண்ணீரும் ஒரு காற்புள்ளியும்

12 மார்ச் 2012
ஆய்வுகூடத்தில் இன்றும் எங்கள் பொறுப்பாளர் ஹியூபேட் சேர் சிடுசிடு. கிணற்றுத் தண்ணீர் அட்டவணை மென்பொருளுக்குள் பூட்டிக் கிடக்கிறதாம், தன்னால் திருத்த முடியவில்லையாம். "வெறும் டெக்ஸ்ட் ஃபைலாத் தாரும். நிரலுக்கு நிரல் கொமா போட்டா எனக்கு லேசு." கிணறு, இடம், ஈயத்தின் அளவு — மூன்று நிரல். மாற்றிக் கொடுத்தேன். சரிபார்த்து அனுப்புங்கோ என்றேன். "அது எனக்குத் தெரியாதோ?" சரி, பெரிய மனுசன்.

20 மார்ச்
அந்த அட்டவணையை வைத்துச் சேர் எழுதிய அறிக்கை போய்விட்டது. ஈயம் பத்துக்கு மேல் போகக்கூடாது. வெள்ளவத்தையில் ஆறு, பயமில்லை. கொட்டாஞ்சேனையில் பதின்மூன்று, கிணறுகளை மூடச் சொல்லியாயிற்று. அக்கா இருப்பது வெள்ளவத்தையில், சேரின் வீடு இருக்கிற அதே ஒழுங்கையில்தான். கிணற்றுத் தண்ணீரில்தான் குழந்தைக்குப் பால் கரைக்கிறாள். அப்பாடா.

21 மார்ச்
மழை. பஸ்ஸில் குடையைத் தொலைத்தேன்.

23 மார்ச், வெள்ளி
வெள்ளவத்தைக் கிணறு எல்லாவற்றிலும் எப்படி ஆறு? ஒன்றில்கூட ஐந்தோ ஏழோ இல்லையே! ஃபைலைத் திறந்தேன். கடவுளே. இடத்தை "வெள்ளவத்தை, 6" என்று "கொழும்பு 6" என்ற தபால் வட்டார இலக்கத்தோடு எழுதியிருக்கிறோம். எங்கள் பழக்கம். அந்தக் காற்புள்ளியிலும் நிரல் உடைந்து, தபால் இலக்கம் ஈயத்தின் இடத்தில் போய்க் குந்திவிட்டது. கொட்டாஞ்சேனையின் பதின்மூன்றும் அப்படித்தான். உண்மையான அளவு அடுத்த நிரலில் கிடக்கிறது. அக்கா வீட்டுக் கிணறு — நாற்பத்தொன்று.

சேரிடம் ஓடினேன். பார்த்தார், முகம் வெளுத்தது. எழும்பிக் கதவைச் சாத்தினார். "அறிக்கை போய் முடிஞ்சுது. இனி மாத்தினா என்ர பேர் என்னாகும்? நீர் வாயை மூடிக்கொண்டு இரும்." தூ! இதுவும் ஒரு மனுசனா?

பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னால், அவள் சிரிக்கிறாள். "உங்கட கந்தோர்தானே நல்ல தண்ணி எண்டு எழுதினது? போடி விசரி." குழந்தை போத்தலை உறிஞ்சிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

27 மார்ச்
மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். "ஃபைலை மாத்தினது நீர்தானே?" என்றார்கள். வேலை போனது. அறிக்கை அப்படியே இருக்கிறது.

30 மார்ச்
அக்கா வேண்டாம் என்றாலும் குழந்தைக்கு ஆகட்டும் என்று, ஒழுங்கை முனையில் பெரியதம்பி அண்ணையின் கடைக்குப் பெரிய தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போனேன். ஒன்றுகூட இல்லை. "எல்லாம் உங்கட ஹியூபேட் சேர் வீட்டுக்குப் போயிட்டுது, பிள்ளை. போன வெள்ளி பின்னேரத்தில இருந்து அவர்தான் முழுக்க எடுக்கிறார். சமைக்கிறதுக்கும் அதுதானாம்."

அக்காவிடம் போய் அதை மட்டும் சொன்னேன். கரைத்து வைத்திருந்த பாலை எடுத்துப்போய் வெளியே ஊற்றினாள். பக்கத்து வீட்டில் கிணற்று மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது.