தூக்கி வைத்த கல்

கார்த்திகை 11, காலை 6.10
கடலடி அறை. காற்று சரி. மின்கலம் சரி. மேலே அலை கூடுகிறது. மிதவைக் கயிறு இழுபடும் சத்தம் கேட்கிறது. மாலையில் புயல் கரை தொடும் என்கிறார்கள்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் நாகமுத்து, கல்லாறுமுனைக்காரன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. கடல் மட்டம் அளப்பதை நானே கற்றுக்கொண்டேன். இந்த அறைக்கு வெளியே கிடப்பது எங்கள் ஊருக்கு முந்தைய ஊர். செங்கல் சுவர், உறைகிணறு, படகுத்துறை, எல்லாம் நீருக்கடியில். ஏன் மூழ்கியது என்று பார்க்கத்தான் வருடக்கணக்காக இறங்குகிறேன்.

காலை 7.40
கடல்மட்ட அலுவலகம் மறுபடியும் வயர்லெஸ்ஸில். அதிகாரி ரெஹானா: “ஐயா, உங்க ஊர் தாழ்ந்துக்கிட்டே இருக்கு. இந்தப் புயலைத் தாங்காது. நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் ஜனங்க பஸ் ஏறுவாங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன். அவர்கள் செயற்கைக்கோள் ஆகாயத்திலிருந்து பார்க்கிறது. என் கல் தரையில் நிற்கிறது. ஊர் முனையில் நானே நட்ட கருங்கல். கடலுக்கு மேல் அது எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அதன் தலையிலுள்ள கருவி இங்கே அனுப்புகிறது. நட்ட நாளிலிருந்து அதே உயரம். ஊர் தாழவில்லை.

என் அளவுகளை வாங்கி அறிக்கை போட்டவர்கள், அடிக்குறிப்பில் என்னை ‘உள்ளூர் உதவியாளர்’ என்றார்கள். பெயர்கூட இல்லை. அவர்கள் பேச்சைக் கேட்டு ஊரைக் காலி செய்யச் சொல்வேனா?

காலை 10.25
நீரோட்டம் மணலை வாரிக்கொண்டு போய்விட்டது. உறைகிணறு முதல்முறையாக வாயிலிருந்து அடிவரை தெரிகிறது. விளக்கடித்துப் பார்த்தேன். கீழ் உறைகள் ஒரே கை வேலை. மேல் உறைகள் வேறு மண், அவசர வேலை. தரை இறங்க இறங்க, உப்புநீர் புகாமல் கிணற்று வாயை உயர்த்திக்கொண்டே போயிருக்கிறார்கள். உயர்த்தினார்களே தவிரக் கிளம்பவில்லை.

தம்பி மகள் அஞ்சலாட்சியை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுச் சொன்னேன். சிரித்தாள்.

“இதுல என்ன அதிசயம் பெரியப்பா? உங்க கல்லுக்கு நாங்களும் அதைத்தானே செய்யறோம்.”

“என்ன செய்யறீங்க?”

“வருசா வருசம் மாசி மகத்துக்கு முன்னாடி தூக்கி, அடியில செங்கல் அடுக்கி வைப்போம். சாமி கால்ல உப்புத்தண்ணி படலாமா? குங்குமம் வச்சதுக்கே அந்தக் குதி குதிச்சீங்க. அதான் உங்ககிட்ட சொல்லல.”

எவ்வளவு உயரம் என்று கேட்டேன். முழங்கால் அளவு என்றாள்.

காலை 10.50
மூன்று தடவை கணக்குப் போட்டேன். கடல் ஏறிய அளவு, தரை இறங்கிய அளவு, இரண்டையும் செங்கல் விழுங்கியிருக்கிறது. அலுவலகத்தின் எண் சரி. அந்த அடிக்குறிப்பு இப்போதும் தப்புதான்.

பகல் 12.15
ஊரைக் கிளம்பச் சொன்னேன். பஞ்சாயத்துத் தலைவன் வைரக்கண்ணு: “மாமா, ஆபீஸ்காரன் கழுத்துல கத்தி வச்சிருந்தா ஒரு தடவை இருமுங்க.”

எனக்கு நிஜமாகவே இருமல் வந்தது. அந்தப் பக்கம் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

“ஊர் தாழலைன்னு மைக் போட்டுச் சொன்னது யாரு? பஸ்ஸு வந்தா டயரைப் பிடுங்கச் சொன்னது யாரு? நாங்க அசைய மாட்டோம். நீங்க நிம்மதியா இருங்க.”

கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சியவன் இல்லை. அதனாலேயே நம்பவில்லை.

பகல் 1.30
அறை சாய்ந்தது. மிதவை அறுந்து, அதிலிருந்து காற்று இறக்கும் குழாயும் அதோடு போனது. சேமிப்புக் காற்று மாலை வரை. வயர்லெஸ் கடலடிக் கம்பி வழியாகக் கோபுரத்துக்குப் போவதால் பேச முடிகிறது. இந்த அலையில் படகு வராது. பல நாள் இந்த அழுத்தத்தில் கிடந்த உடம்பு. நேராக மேலே போனால் ரத்தம் நுரைத்துவிடும்.

எங்கள் ஊரில் கடலில் ஆள் தவறினால் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஊரே தேடப் போகும். ஆள் கிடைக்காமல் யாரும் வீடு திரும்பக் கூடாது.

பகல் 1.45
வைரக்கண்ணுவிடம் சொன்னேன்: “அறை உடைஞ்சு போச்சுடா. அவசர மிதவையில வெளிய வந்துட்டேன். முகத்துவாரத்துக்குள்ள இழுத்து, பழைய ரயில் கரைப் பக்கம் ஒதுக்கிடுச்சு. கால் ஒடிஞ்சு கிடக்கு, கை வயர்லெஸ் மட்டும் இருக்கு. எந்த இடம்னு தெரியல.”

“அசையாமக் கிடங்க மாமா. ஊரோட வர்றோம்.”

ரயில் கரை, தண்டவாளம் போட்ட மண்மேடு, ஊருக்கு மேற்கே இருக்கிறது. நல்ல உயரம்.

பகல் 2.20
ரெஹானாவிடம்: “பஸ்ஸை ரயில் கரைக்கு அனுப்பும்மா. ஜனங்க வர்றாங்க. உன் கணக்குதான் சரி.”

“ஐயா, நீங்க எங்க இருக்கீங்க?”

“அதை அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதே.”

பஸ்களை ரயில் கரைக்குத் திருப்பச் சொல்லும் அவள் குரல் கேட்டது. இணைப்பைத் துண்டிக்கவில்லை.

மாலை 4.05
தேடுகிறார்கள். வைரக்கண்ணுவின் குரல்: “யோவ் மாமா, ஊரையே சேத்துல நடக்க விட்டுட்டீரு. ஒரு சத்தம் குடும். கிடைச்சதும் நானே இன்னொரு காலையும் ஒடிக்கிறேன்.”

இடம் சொன்னால் அங்கே போய்ப் பார்ப்பார்கள். நான் இருக்க மாட்டேன். பொய் என்று தெரிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். பேசக் கூடாது.

மாலை. கடிகாரம் மங்கல்
கருவி சொல்கிறது, ஊர் முனையில் தண்ணீர் கல்லின் பாதிக்கு வந்துவிட்டது. இன்னும் ஏறும். தலை கனக்கிறது. எழுத்து கோணுகிறது.

அஞ்சலாட்சி: “பெரியப்பா, மழை கொட்டுது. புள்ளைங்க நடுங்குது. பஸ்ஸுல ஏத்திட்டோம். நாங்க ரயில் கரையிலதான் நிக்கிறோம். உங்க குரல் கேக்காம ஒருத்தரும் வீட்டுக்குப் போக மாட்டோம். ஒரே ஒரு வார்த்தை, பெரியப்பா.”

கை வயர்லெஸ் பொத்தான் மேல் இருக்கிறது

மறுபடி கூப்பிடுகிறாள்

அழுத்த மாட்