நீ விடாமல் துரத்திய ‘ரன்’

இன்று காலை புது நைட்டியை வாளியில் ஊறவைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீரெல்லாம் சிவந்துவிட்டது. நனைந்த புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும், பக்கத்தில் நின்று நீ சொல்வதுபோல் இருந்தது: “கலர் ரன் ஆவுதுடி!”

எண்பதுகளின் கடைசி அது. தாம்பரத்து ஏற்றுமதித் தையல் கம்பெனியில் உனக்கும் எனக்கும் அடுத்தடுத்த மெஷின். நான் முடிச்சூரிலிருந்து சைக்கிளில் வருவேன், நீ பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில். நம் வரிசைக்குப் புது சூப்பர்வைசர் போடப்போகிறார்கள், உன் பெயரும் அடிபடுகிறது என்று பேச்சு. அந்தச் சமயம் பார்த்து, துணி வாங்கும் வெளிநாட்டு அம்மாள் வந்தார். உன் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்த வரிசையை ‘ரன்’ பண்ணுவது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நீ பதறி எழுந்தாய். “நோ ரன், மேடம். ஆல் சிட்டிங்!”

அவர் சிரித்தார். மேனேஜரும் சிரித்தார். சூப்பர்வைசர் வேலை வேறொருத்திக்குப் போயிற்று.

“ரன்னுன்னா ஓடறதுதானே? வேற இன்னா கீது அதுல?” என்று ஸ்டேஷன் போகும் வழியெல்லாம் கேட்டாய். கண் கலங்கியிருந்தது. எனக்கு மட்டும் என்ன தெரியும்?

பிறகு நீ அந்தச் சொல்லை விடவில்லை. ரயிலில் வரும் கல்லூரிப் பெண்களை மடக்கி மடக்கிக் கேட்டாய். கடை நடத்தினாலும் ரன், மூக்கு ஒழுகினாலும் ரன். எலெக்‌ஷனில் நின்றாலும் அதேதான் என்று தெரிந்த அன்று, மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாய். “நிக்கிறவன எப்டிடி ஓடறான்றான் வெள்ளைக்காரன்? ஒரே பேஜாரா கீது!”

மறுபடி அந்த இடம் காலியானபோது நீயே மேனேஜர் அறைக்குப் போனாய். “ஐ கேன் ரன் திஸ் லைன், சார்” என்று நீ சொன்னது கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. வேலை உனக்குத்தான் கிடைத்தது.

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் லாரி மோதி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். லீவு போட்டுவிட்டுத் துணிப்பையோடு வந்து இறங்கினாய். “நீ போய் அவரப் பாரு. வூட்ட நான் ரன் பண்றேன்” என்றாய். சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாய். அவர் நொண்டிக்கொண்டு வீடு திரும்பியபோது, சின்னவன் உன் இடுப்பைவிட்டு என்னிடம் வர மறுத்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நேற்று எதிர்வீட்டுப் பெண் தன் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பிள்ளைகளை எங்கே விடுவதென்று வாசலில் தவித்துக்கொண்டிருந்தாள்.

“சாவியைக் குடும்மா. வீட்டையும் பிள்ளைங்களையும் நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு” என்றேன்.

“உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி சிரமம்?” என்று தயங்கினாள்.

அவள் தரும்வரை நீட்டிய கையை நான் மடக்கவில்லை.