காதுக்குப் பின்னால் போட்ட ஊசி

திருப்பதி
9 செப்டம்பர் 2024

ஜெமி நைனாவுக்கு,

போன்ல பேசினா, சொன்னதையே சொல்லலன்னு சாதிப்பீங்க. அதான் உங்க நம்பரை பிளாக் பண்ணிட்டேன். இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல. காய்கறி வண்டி ஓட்டுற கங்கையா அண்ணன் தினம் இங்க வராரு, அவர்கிட்ட குடுத்தனுப்புங்க.

லாட்ஜ்ல என்கூட வேலை செய்யிற ரத்தினம்மா மகனுக்கு மூளைக்காய்ச்சல். பெத்தவளையே அடையாளம் தெரியாம கிடக்கான். பன்னி ஒடம்புல இருக்கிற வைரஸைக் கொசு எடுத்தாந்து மனுஷனுக்கு ஏத்துதாம். சுத்தி நெல்லு வயல், வீட்டுப் பின்னால உங்க பன்னிக் கொட்டாய், நடுவுல நம்ம ஏழு வயசுப் பொண்ணு! ஸ்கூல் கெடக்கூடாதுன்னு அவளை அங்க விட்டு வந்தது என் புத்தி. பன்னி வேணுமா நான் வேணுமான்னு கேட்டதுக்கு யோசிச்சுச் சொல்றேன்னீங்களே, யோசிச்சாச்சா? கொட்டாயைத் தூரமா மாத்துங்க. முதல்ல ஊசி போடுங்க. போட்டாச்சுன்னு எழுதுங்க.

கேசியா

விஜயபுரம்
12 செப்டம்பர்

கர்த்தருக்குள் அன்பான கேசிக்கு காலேப் எழுதினது.

நானும் ஜெமியும் சுகம். நீ சுகமான்னு கேட்டா அதுக்கும் திட்டுவே.

ஊசி போட்டாச்சு. டாக்டர் வீட்டுக்கே வந்தாரு. ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் போட்டாரு. சின்னதுதான் ஊரே கூடுற மாதிரி கத்திச்சு. நான் காலைப் பிடிச்சுக்கினேன், காதுக்குப் பின்னால ஒரே குத்து. முடிஞ்சதும் நல்லா துன்னுச்சு. கொட்டாயை மாத்த ஆள் தேடிக்கினு இருக்கேன். அம்மா எப்ப வரும்னு ஜெமி கேட்டுக்கினே இருக்கு. நான் இன்னா சொல்றது?

காலேப்

திருப்பதி
14 செப்டம்பர்

ஏன்யா காலேப்,

இனிமே உனக்கு நீங்க வாங்க கிடையாது. எந்த மனுஷனுக்குய்யா காதுக்குப் பின்னால ஊசி போடுவாங்க? முதல்ல படிச்சப்ப, ஐயோ எம்பொண்ணு கத்தினாளேன்னு அழுதுட்டேன். திரும்பப் படிச்சப்பதான் வெளங்குச்சு. பன்னிக்குப் போட்டுட்டு எனக்கு எழுதுறியே! அது பன்னிக்கு வர்ற காய்ச்சலுக்குப் போடுற ஊசி. நான் போடச் சொன்னது ஜெமிக்குய்யா, ஜெமிக்கு! தலையில அடிச்சுக்கிறதைத் தவிர நான் இன்னா பண்றது? வர்ற சனிக்கிழமை அவளைக் கூட்டியா, நானே போட்டு வுடுறேன். நீ எங்கிட்ட பேசாதே. உன் குரலைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கினு வருது.

கேசியா

திருப்பதி
18 செப்டம்பர்

கேசி,

நானும் திருப்பதியிலதான் இருக்கேன். பெரியாஸ்பத்திரி, மூணாவது மாடி. ஜெமிக்கு முந்தாநாள் காய்ச்சல் வந்துச்சு, இன்னிக்கு விடியக்காலையில வலிப்பு. உனக்குப் போன் போட்டேன், போகல. கங்கையா போன்ல போட்டேன். கேசின்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன், கட் பண்ணிட்டே. திரும்பப் போட்டா அந்த நம்பரையும் பிளாக் பண்ணியிருக்கே. எம்மேல தப்புதான், இல்லங்கல. ஆனா அடுத்த வார்த்தையைக் கேட்டிருக்கக் கூடாதா? புள்ளைய விட்டுட்டு நான் கீழ இறங்க முடியல, கங்கையாகிட்டயே இதைக் குடுத்தனுப்புறேன். கண்ணைத் தொறக்குது, என்னைத் தெரியல. அம்மான்னு மட்டும் சொல்லுது. சீக்கிரம் வா.

காலேப்

ஆஸ்பத்திரி வாசல்
அதே நாள்

ஜெமி நைனா,

வந்துட்டேன். ஒருத்தர்தான் கூட இருக்கலாமாம், வாட்ச்மேன் உள்ள விடமாட்டேங்கிறாரு. பிளாக்கை எடுத்துட்டேன். நான் போட்டா உங்க போன் சுவிட்ச் ஆஃப்னு வருது. இந்தச் சீட்டை நர்ஸம்மா மேல கொண்டாராங்க. கீழ வாங்க, மாத்திக்கலாம்.

வேணாம். நீங்க இறங்கி நான் ஏர்றதுக்குள்ள அவ கண்ணைத் தொறந்து பார்த்தா? நீங்களே இருங்க. கையைப் பிடிச்சுக்கினு எதனா பேசிக்கினே இருங்க. உங்க குரல்னா அவளுக்குப் பிடிக்கும்.

கேசி